ஆக்டர் முறையில் நீண்ட பணிகளை ரத்து செய்தல்: படிப்படியான வழிகாட்டி

ஆக்டர் என்பது தனக்கு வரும் செய்திகளை அஞ்சல்பெட்டி என்ற வரிசையில் பெற்று, அவற்றின்படி செயல்படும் தனி நிரல் அலகு. ஆக்டர் முறையில் நிரல் எழுதப் புதிதாக வருபவர்கள் ரத்து வசதியை அமைக்கும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குகிறார்கள்: பணியைச் செய்யும் ஆக்டரிலேயே ‘ரத்து’ என்றொரு செய்தி வகையைச் சேர்த்து, அது வந்தால் செய்ய வேண்டியதை எழுதிவிடுகிறார்கள். ஓட்டிப் பார்த்தால் லாகில் (நிரல் தன் நடப்புகளை எழுதிவைக்கும் குறிப்பில்) முதலில் ‘பணி முடிந்தது’ என்ற வரியும் அதற்குப் பிறகு ‘ரத்து பெறப்பட்டது’ என்ற வரியும் வருகின்றன. செய்தி எங்கும் தொலையவில்லை. ஆக்டர் ஒரு நேரத்தில் ஒரு செய்தியை மட்டுமே கையாளும் என்பதால், 40 நிமிடம் ஓடிய முதல் செய்தி முடியும்வரை இரண்டாவது செய்தி அஞ்சல்பெட்டியிலேயே கிடந்தது.

ஆகவே ரத்துச் செய்தியை எழுதும் வேலை இங்கே ஐந்தாவது படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய நான்கு படிகளும் அந்தச் செய்தி ஆக்டரின் காதில் விழுவதற்கான ஏற்பாடுகள். எடுத்துக்காட்டாக, 10 லட்சம் பதிவுகள் கொண்ட ஒரு கோப்பைப் படித்து, ஒவ்வொரு பதிவையும் சரிபார்த்து, தரவுத்தளத்தில் எழுதும் இறக்குமதிப் பணி ஒன்றைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்.

1. ‘ரத்து’ என்றால் என்ன என்பதைத் தீர்மானித்தல்

பயனர் ரத்துப் பொத்தானை அழுத்தும்போது அவர் கேட்பது மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: முடிவு எனக்கு வேண்டாம், வேலையை நிறுத்து, இதுவரை செய்ததையும் திரும்பப் பெறு. முதலாவதற்கு, வரும் முடிவைப் புறக்கணித்தாலே போதும். கீழே உள்ள படிகளில் பாதி தேவைப்படாது. இரண்டாவதற்கு வேலை உண்மையாகவே நிற்க வேண்டும். மூன்றாவதற்கு நிறுத்துவது பாதி வேலைதான், எழுதியதை அழிப்பது மறுபாதி. இதைத் தீர்மானிக்காமல் நிரலைத் தொட்டால், பின்னால் நிலைகளையெல்லாம் மறுபடி எழுத நேரும்.

அடுத்து, ரத்து கேட்டபின் அதிகபட்சம் எவ்வளவு நேரத்தில் வேலை நிற்க வேண்டும் என்பதை ஓர் எண்ணாக எழுதி வையுங்கள். ‘உடனடியாக’ என்பது எண் அன்று. இங்கே 500 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்வோம். நான்காவது படியில் துண்டின் அளவை இந்த எண்தான் தீர்மானிக்கப் போகிறது.

கடைசியாக, பணியின் நேரம் எங்கே செலவாகிறது என்பதை அளந்து பாருங்கள். நம்முடைய சொந்தக் கணக்கீட்டிலா, தரவுத்தளம் அல்லது நெட்வொர்க்கிற்காகக் காத்திருப்பதிலா, அல்லது நமக்குக் கட்டுப்படாத ஒரு சி மொழி நூலகத்திற்குள்ளா? இந்த மூன்றுக்கும் தீர்வுகள் வேறு வேறு. அளக்காமல் ஊகித்தவர்கள் கணக்கீட்டை நுணுக்கமாகத் துண்டாக்கிவிட்டு, ஒரே வினவலில் 30 வினாடி காத்திருக்கும் இடத்தை விட்டுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2. வேலை செய்யும் ஆக்டரையும் பேசும் ஆக்டரையும் பிரித்தல்

வெளியிலிருந்து வரும் ‘தொடங்கு’, ‘ரத்து’, ‘எவ்வளவு முடிந்தது’ ஆகிய செய்திகளை ஒரு மேலாளர் ஆக்டர் பெற வேண்டும். இறக்குமதியை அது உருவாக்கும் பணியாளர் ஆக்டர் செய்ய வேண்டும். மேலாளர் கனமான எந்த வேலையையும் தன் கையில் எடுக்காது என்பதால் எப்போதும் பதில் சொல்லும் நிலையில் இருக்கும். பணியாளர் சிக்கிக்கொண்டாலும், சிக்கிக்கொண்டது என்பதைச் சொல்லவாவது ஒருவர் வேண்டும்.

இந்தப் படியில் நேரும் பிழை, மேலாளரை உருவாக்கிவிட்டு, பணியாளரின் பதில் வரும்வரை அதற்குள்ளேயே காத்திருப்பது. அப்படி எழுதினால் பிரித்ததற்குப் பயனே இல்லை. இரண்டு ஆக்டர்களும் சேர்ந்து ஒரே ஆக்டராகிவிடுகின்றன. மேலாளர் வேலையை ஒப்படைத்துவிட்டு உடனே திரும்ப வேண்டும், பதில் இன்னொரு செய்தியாக வர வேண்டும்.

அக்கா (Akka) நூலகம் போல ஜேவிஎம் (ஜாவா, ஸ்காலா நிரல்களை ஓட்டும் தளம்) மீது ஓடும் அமைப்புகளில், த்ரெட்டை (நிரல் ஓடும் இழையை) மறித்து நிறுத்தும் பணியாளர்களைத் தனி டிஸ்பேட்ச்சரில் (ஆக்டர்களுக்கு த்ரெட்டுகளைப் பங்கிடும் பகுதியில்) வையுங்கள். பொது டிஸ்பேட்ச்சரின் த்ரெட்டுகளை அவை பிடித்துக்கொண்டால், மேலாளர் எவ்வளவு இலகுவாக எழுதப்பட்டிருந்தாலும் அதற்கு ஓட ஒரு த்ரெட் கிடைக்காது.

3. ஒவ்வொரு முயற்சிக்கும் தனி எண்

பணிக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்பது பலருக்கும் தோன்றும். ஆனால் கோப்பின் பெயரையோ பயனரின் எண்ணையோ அடையாளமாக வைத்துவிடுவார்கள். பயனர் ஒரு கோப்பின் இறக்குமதியை ரத்து செய்துவிட்டு, அதே கோப்பை உடனே மறுபடி தொடங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். முதல் முயற்சியின் தாமதமான ‘முடிந்தது’ செய்தி இரண்டாவது முயற்சியின் கணக்கில் சேரும். முதல் முயற்சிக்கு இரண்டு முறை அழுத்தப்பட்ட ரத்து, இரண்டாவது முயற்சியைக் கொல்லும்.

ஆகவே அடையாளம் முயற்சிக்குரியதாக இருக்க வேண்டும்: ஒவ்வொரு தொடக்கத்திற்கும் புதிய எண் கொடுத்து, தொடக்கம், முன்னேற்றம், முடிவு, ரத்து, தோல்வி ஆகிய எல்லாச் செய்திகளிலும் அந்த எண்ணைச் சேர்த்து அனுப்புங்கள். எண் பொருந்தாத செய்தியை மேலாளர் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு விட்டுவிடும். பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால், எல்லாச் செய்தி வகைகளையும் ஒருசேர மாற்ற வேண்டிவரும்.

4. வேலையைத் துண்டாக்குதல்

ரத்து கேட்கும் நேரத்தில் பணியாளர் அதைக் கேட்கும் நிலையில் இருக்க வேண்டுமானால், அது அவ்வப்போது அஞ்சல்பெட்டிக்குத் திரும்ப வேண்டும். இதற்கு எளிய வழி, 10 லட்சம் பதிவுகளையும் ஒரே சுழற்சியில் செய்யாமல், ஒரு துண்டை முடித்துவிட்டு ‘அடுத்த துண்டு’ என்ற செய்தியைத் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வதாகும். இடையில் ரத்துச் செய்தி வந்திருந்தால் அது ஏற்கெனவே வரிசையில் நிற்கும். புதிதாக அனுப்பிய ‘அடுத்த துண்டு’ அதற்குப் பின்னால்தான் நிற்க முடியும்.

இங்கே மிகவும் பரவலான பிழை ஒன்று உண்டு. வேலையை 1,000 துண்டுகளாக்கி, அந்த 1,000 செய்திகளையும் தொடக்கத்திலேயே அஞ்சல்பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். துண்டாக்கியது சரிதான், ஆனால் ரத்துச் செய்தி 1,001ஆவதாகப் போய் நிற்கிறது. ஒரு துண்டு முடிந்த பிறகே அடுத்ததற்கான செய்தி பிறக்க வேண்டும் என்பதுதான் இந்தப் படியின் உயிர். முன்னுரிமை அஞ்சல்பெட்டியைப் பயன்படுத்தி ரத்துச் செய்தியை முன்னால் கொண்டுவரலாம் என்பார்கள். அது வரிசையில் காத்திருக்கும் செய்திகளைத்தான் தாண்டும், ஏற்கெனவே கையில் இருக்கும் செய்தியைத் தாண்டாது.

துண்டின் அளவை எண்ணிக்கையால் அளப்பதைவிட நேரத்தால் அளப்பது நல்லது. ஒரு துண்டுக்கு 500 பதிவுகள் என்று வைத்தால், எளிய பதிவுகளில் அது 20 மில்லிவினாடியிலும், சிக்கலான பதிவுகளில் 3 வினாடியிலும் முடியக்கூடும். மாறாக, துண்டு தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, 100 மில்லிவினாடி ஆனதும் அடுத்த பதிவுக்குப் போகாமல் திரும்பும்படி எழுதினால், நமது 500 மில்லிவினாடி எல்லைக்குள் தாராளமாக இடம் கிடைக்கும். ஒரே ஒரு பதிவு மட்டும் 100 மில்லிவினாடிக்கு மேல் எடுத்தால் அந்தப் பதிவின் கையாளுதலைத்தான் உடைக்க வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை.

எர்லாங், எலிக்சர் பயன்படுத்துவோருக்கு இந்தப் படி தேவையில்லை என்று தோன்றக்கூடும், ஏனெனில் அங்கே ஷெட்யூலர் (யார் எப்போது ஓடுவது என்று பங்கிடும் பகுதி) எந்தப் பிராசஸையும் (ஆக்டருக்கு அங்கே உள்ள பெயர்) குறிப்பிட்ட அளவு வேலைக்குப் பின் இடைநிறுத்தி மற்றவற்றுக்கு வாய்ப்புத் தரும். ஆனால் இடைநிறுத்துவது வேறு, செய்தியைப் படிப்பது வேறு. விட்ட இடத்திலிருந்து தொடரும் பிராசஸ் தன் சுழற்சிக்குள்தான் தொடரும். அது தானாக ரிசீவ் செய்யாதவரை (அஞ்சல்பெட்டியிலிருந்து செய்தியை எடுக்காதவரை) ரத்துச் செய்தியைப் பார்க்காது. சுழற்சிக்கு நடுவே, காத்திருப்பு நேரம் 0 என்று வைத்து ரத்துச் செய்தியை மட்டும் தேடும் ரிசீவ் ஒன்றை எழுதலாம். அஞ்சல்பெட்டியில் ஆயிரக்கணக்கான செய்திகள் குவிந்திருந்தால், பொருந்தும் செய்தி இல்லாத ஒவ்வொரு முறையும் அது பெட்டி முழுவதையும் துழாவும் என்பதை மறக்க வேண்டாம். பணியாளருக்கு வேறு யாரும் செய்தி அனுப்பாதபடி இரண்டாவது படியிலேயே பிரித்திருந்தால் இந்தச் சிக்கல் எழாது.

ஸ்விஃப்ட் மொழியில் டாஸ்க்கை (தனியாக ஓடும் ஒரு வேலையை) ரத்து செய்வது ஒரு குறியை மட்டுமே எழுப்புகிறது. நீண்ட சுழற்சிக்குள் அந்தக் குறியை நாம்தான் சோதிக்க வேண்டும். ஆக்டருக்குள் தனியாக உருவாக்கிய டாஸ்க், அதை உருவாக்கிய டாஸ்க்கின் ரத்தைப் பெறாது என்பதால், அதன் கைப்பிடியை (அதைச் சுட்டும் மாறியை) சேமித்து வைத்து வெளிப்படையாக ரத்து செய்ய வேண்டும். மேலும், ஒவ்வோர் அவெயிட்டிலும் (ஒரு முடிவுக்காகக் காத்திருக்கும் இடத்திலும்) அதே ஆக்டரின் வேறு அழைப்புகள் நடுவே ஓட இடமுண்டு. ஆகவே அவெயிட்டுக்கு முன் படித்த நிலையை, அதற்குப் பின் மறுபடி சரிபார்க்காமல் நம்ப முடியாது.

பணியாளருக்கும் மேலாளருக்கும் இடையே ஒரு பகிர்ந்த ரத்துக் குறியை வைக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். பகிர்ந்த நிலை கூடாது என்பதே ஆக்டர் முறையின் அடிப்படை என்றாலும், பொய்யிலிருந்து மெய்யாக ஒரே ஒரு முறை மாறும் அணுநிலைக் குறி (பல த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் தொட்டாலும் குழம்பாத குறி) ஒன்று எதையும் கெடுக்காது என்பது என் கருத்து. துண்டாக்க முடியாத சுழற்சிகளுக்கு அது நல்ல வழி. ஆனால் பணியாளர் வேறொரு கணினியில் ஓடினால் அந்தக் குறி அங்கே போய்ச் சேராது. அப்போது செய்திதான் ஒரே வழி.

5. ரத்துச் செய்தியும் நிலைகளும்

இப்போதுதான் ரத்துச் செய்தியை எழுதும் நேரம். மேலாளரில் ஒவ்வொரு முயற்சிக்கும் குறைந்தது நான்கு நிலைகள் வேண்டும்: காத்திருக்கிறது, ஓடுகிறது, ரத்தாகிக்கொண்டிருக்கிறது, முடிந்தது. புதியவர்கள் மூன்றாவதை விட்டுவிட்டு, ரத்து கேட்டவுடனேயே முடிந்ததாகக் குறித்துவிடுகிறார்கள். அதன் விளைவு, பணியாளர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போதே பயனர் அடுத்த முயற்சியைத் தொடங்க, ஒரே அட்டவணையில் இரண்டு பணிகள் எழுதுகின்றன.

இதனால் பதில்களும் இரண்டாகப் பிரிகின்றன. ‘ரத்துக் கோரிக்கை ஏற்கப்பட்டது’ என்பது உடனே போகும். ‘பணி நின்றது’ என்பது பணியாளர் உறுதிசெய்த பிறகே போகும். ரத்து இரண்டு முறை வந்தால் இரண்டாவதற்கும் அதே பதில் போக வேண்டும், பிழை எழக் கூடாது. காத்திருக்கும் நிலையில் வந்தால் பணியாளரை உருவாக்காமலே முடிக்கலாம்.

ரத்தும் முடிவும் ஒன்றையொன்று குறுக்கிடும் நிலை தவிர்க்க முடியாதது. ரத்தாகிக்கொண்டிருக்கும்போது ‘வெற்றியுடன் முடிந்தது’ என்ற செய்தி வந்தால், எல்லாப் பதிவுகளும் உண்மையிலேயே எழுதப்பட்டுவிட்டன. அதை ‘ரத்தானது’ என்று பயனரிடம் சொல்வது பொய். ‘ரத்து வருவதற்குள் பணி முடிந்துவிட்டது’ என்ற மூன்றாவது பதிலை வைத்துக்கொள்ளுங்கள். முதல் படியில் ‘செய்ததையும் திரும்பப் பெறு’ என்று தீர்மானித்திருந்தால் மட்டுமே இங்கே அழிக்கும் வேலை தொடங்கும்.

6. வெளியே காத்திருக்கும் வேலையை அதன் இடத்திலேயே நிறுத்துதல்

நான் பார்த்தவரை, நிறுத்தியதாக நினைத்தும் நிற்காத வேலைகளில் பெரும்பாலானவை இந்தப் படியில்தான் சிக்குகின்றன. பணியாளர் ஒரு நீண்ட வினவலை அனுப்பிவிட்டு அதன் ஃப்யூச்சருக்காக (பிற்பாடு வரப்போகும் முடிவைக் குறிக்கும் பொருளுக்காக) காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பணியாளரை நிறுத்தினால் காத்திருப்பதற்கு ஆள் இல்லாமல் போகும். வினவல் தரவுத்தளத்தில் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஃப்யூச்சரையே ரத்து செய்யலாம் என்றால், ஸ்காலாவின் வழக்கமான ஃப்யூச்சரில் ரத்து என்ற செயலே இல்லை. ஜாவாவின் கம்ப்ளீட்டபிள்ஃப்யூச்சரில் இருக்கிறது, ஆனால் அது ஃப்யூச்சரை ‘ரத்தானது’ என்று முடித்துவைக்கிறதே தவிர, உள்ளே ஓடும் த்ரெட்டுக்குக் குறுக்கீடு எதையும் அனுப்புவதில்லை. குறுக்கிடலாம் என்ற அளபுருவுக்கு மெய் என்று கொடுத்தாலும் பலன் இல்லை.

எனவே வேலை எங்கே நடக்கிறதோ அங்கேயே அதை நிறுத்த வேண்டும். வினவலை அனுப்பும்போதே அதன் ஸ்டேட்மென்ட் கைப்பிடியை எடுத்து வைத்து, ரத்து வந்ததும் அந்தக் கைப்பிடியின் ரத்து அழைப்பைப் பயன்படுத்துங்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இந்தக் கோரிக்கை தனி இணைப்பு வழியாகப் போகிறது; வினவல் ஓடும் இணைப்பை நம் பக்கத்தில் மூடினால் மட்டும் சர்வர் அதை உடனே கவனித்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கைப்பிடி கிடைக்காத இடங்களில், ஒவ்வொரு வினவலுக்கும் சர்வர் பக்கத்திலேயே ஒரு கால எல்லையை வைப்பது குறைந்தபட்சப் பாதுகாப்பு.

ஃப்யூச்சரின் முடிவு வரும்போது அதன் கால்பேக்கிலிருந்து (முடிவு வந்ததும் அழைக்கப்படும் செயற்கூறிலிருந்து) ஆக்டரின் நிலையைத் தொடாதீர்கள்; அது வேறொரு த்ரெட்டில் ஓடக்கூடும். முடிவை முயற்சி எண்ணுடன் ஒரு செய்தியாக்கி ஆக்டருக்கே அனுப்புங்கள். ஸ்விஃப்ட்டின் ரத்துக் கையாளிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: டாஸ்க் ரத்தாகும் கணத்திலேயே, ஓடும் வேலைக்கு இணையாக அது அழைக்கப்படலாம்.

டைம்-அவுட்டை ரத்து என்று எண்ணுவது இன்னொரு பிழை. எலிக்சரில் ஜென்சர்வரை (கோரிக்கைகளைப் பெற்றுப் பதில் தரும் பிராசஸை) அழைக்கும் ‘கால்’ (call) செயற்கூறின் இயல்பான காத்திருப்பு 5,000 மில்லிவினாடி. அது கடந்ததும் அழைத்தவர் கைவிடுகிறாரே தவிர, சர்வருக்கு எந்தச் சேதியும் போவதில்லை. அது வேலையை முடித்துப் பதிலும் அனுப்பும். அழைத்தவர் பொறுமையிழந்து மறுபடி அழைத்தால், அதே கனமான வேலை இரண்டாவது முறையாக வரிசையில் சேர்கிறது. டைம்-அவுட் ஆனதும் முயற்சி எண்ணுடன் ரத்துச் செய்தியை அனுப்புவது அழைத்தவரின் பொறுப்பு.

7. கெடு கடந்தால் கட்டாய நிறுத்தம்

ரத்துச் செய்தியை அனுப்பியதும் மேலாளர் ஒரு டைமரையும் தொடங்க வேண்டும். பணியாளர் அதற்குள் ‘நின்றேன்’ என்று சொல்லாவிட்டால் கட்டாயமாக நிறுத்தும் வழிக்குப் போகிறோம். இந்த வரிசையை மாற்றி முதலிலேயே கட்டாயப்படுத்தினால், பணியாளரின் சுத்தம் செய்யும் நிரல் ஓடாமலே போகக்கூடும்.

எர்லாங் குடும்பத்தில் இது வசதியானது. சூப்பர்வைசர் (பணியாளர்களைத் தொடங்கி, விழுந்தால் மறுபடி தொடங்கிவைக்கும் பிராசஸ்) முதலில் ஷட்டவுன் சிக்னலை அனுப்பி, பணியாளர்களுக்கு இயல்பாக 5,000 மில்லிவினாடி காத்திருந்து, பிறகே யாராலும் தடுக்க முடியாத கில் சிக்னலை அனுப்புகிறது. இரண்டு இடங்களில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். நார்மல் என்ற காரணத்துடன் வேறொரு பிராசஸுக்கு எக்ஸிட் அனுப்பினால் அது சாகாது. அடுத்து, மேலாளர் பணியாளருடன் லிங்க் (ஒன்றின் சாவு மற்றதையும் தாக்கும் பிணைப்பு) ஆகியிருந்து, எக்ஸிட் சிக்னல்களைப் பிடிக்கும் அமைப்பும் இல்லாவிட்டால், பணியாளரைக் கொன்ற கையோடு தானும் சாகும். மேலாளருக்கு, சாவை அறிவிக்க மட்டும் செய்யும் மானிட்டரே பொருத்தம். கில் வந்த பிராசஸில், நிற்கும் முன் சுத்தம் செய்யும் டெர்மினேட் செயற்கூறு ஓடாது என்பதால், தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் பொறுப்பைப் பணியாளரிடம் மட்டும் விடாமல், மானிட்டர் செய்யும் மேலாளரிடமும் வையுங்கள்.

ஜேவிஎம்மில் அப்படி ஓர் ஆயுதம் இல்லை. அக்காவில் ஓர் ஆக்டரை நிறுத்தச் சொன்னால், கையில் உள்ள செய்தி முடிந்த பிறகே அது நிற்கும். ஆக்டரை நிறுத்துவதற்கென்றே உள்ள பாய்சன்பில் செய்தியோ அஞ்சல்பெட்டியின் வரிசையில் நின்று தன் முறைக்காகக் காத்திருக்கும். த்ரெட்டை வலிந்து நிறுத்தும் பழைய ஸ்டாப் அழைப்பு ஜாவா 20 முதல் விதிவிலக்கை எறிவதோடு சரி. இன்டரப்ட் என்பது ஒரு வேண்டுகோள்; ஓடும் நிரல் அதைக் கவனித்தால்தான் பலிக்கும். எனவே ஜேவிஎம்மில் நான்காவது, ஆறாவது படிகளை அரைகுறையாக விட்டுவிட்டு இங்கே ஈடுகட்ட முடியாது.

சி மொழி நூலகத்திற்குள் நேரம் செலவாகிறதென்றால் எர்லாங்கின் கில்லும் உதவாது: நேட்டிவ் செயற்கூறு திரும்பும்வரை அதை இடையில் வெட்ட முடியாது. அத்தகைய வேலையைத் தனி இயங்குதளப் பிராசஸில் ஓட்டி, தேவைப்படும்போது அந்தப் பிராசஸையே கொல்வதுதான் நம்பகமான வழி.

8. பாதியில் நின்றதைச் சுத்தம் செய்தல்

நிறுத்தும் இடம் துண்டின் எல்லையாக இருப்பதால், ஒவ்வொரு துண்டையும் ஒரு பரிவர்த்தனையாக (முழுதும் எழுதப்படும், அல்லது எதுவுமே எழுதப்படாது என்ற தொகுப்பாக) ஆக்கிவிட்டால், பாதி எழுதிய துண்டு என்ற ஒன்றே இருக்காது. எழுதும் ஒவ்வொரு பதிவிலும் முயற்சி எண்ணைச் சேர்த்துவிடுங்கள். திரும்பப் பெற வேண்டுமானால் அந்த எண்ணைக் கொண்டு ஒரே கட்டளையில் அழிக்கலாம். கோப்பாக எழுதும் பணிகளில், தற்காலிகப் பெயரில் எழுதி, முழுவதும் முடிந்தபின் பெயரை மாற்றுங்கள்.

வரிசை முக்கியம்: முதலில் வெளி வேலை, பிறகு பணியாளர், அதன்பின் அது பயன்படுத்திய இணைப்பும் கோப்பும். இணைப்பை முதலில் மூடினால், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பணியாளர் பிழை எழுப்பும். சூப்பர்வைசர் அதைத் தோல்வி என்று எண்ணி மறுபடி தொடங்கிவைக்கும். ரத்து செய்த பணி தானாகவே உயிர்பெறுவதைப் பார்த்துத் திகைப்பவர்கள், பெரும்பாலும் இந்த வரிசையைத்தான் தவறவிட்டிருப்பார்கள். பணியாளரை மறுபடி தொடங்க வேண்டாம் என்ற விதியையும் சூப்பர்வைசரில் சேர்த்துவிடுங்கள்.

நிறுத்தம் உடனடியாக நடப்பதில்லை என்பதால், நின்றது என்ற அறிவிப்பு வரும் முன்பே அதே பெயரில் புதிய பணியாளரை உருவாக்க முயன்றால் அக்கா மறுத்துவிடும். அறிவிப்புக்குக் காத்திருங்கள், அல்லது பெயரில் முயற்சி எண்ணைச் சேருங்கள். ஏழாவது படியில் வைத்த கெடு டைமரையும் இங்கேயே ரத்து செய்யுங்கள். அதன் செய்தி ஏற்கெனவே அஞ்சல்பெட்டியில் விழுந்திருக்கலாம் என்பதால் அதிலும் முயற்சி எண் இருக்க வேண்டும்.

9. சோதித்தல்

ரத்தைச் சோதிக்கும்போது ‘200 மில்லிவினாடி தூங்கு, பிறகு ரத்து அனுப்பு’ என்று எழுதினால், ஒரு கணினியில் தேறும் சோதனை இன்னொன்றில் தோற்கும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் சோதனையின் அனுமதிக்காக நிற்கும் போலிப் பணியாளர் ஒன்றை எழுதுங்கள். எந்தத் துண்டுக்குப் பிறகு ரத்து வருகிறது என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

ரத்து தொடக்கத்துக்கு முன் வருவது, துண்டுக்கு நடுவே வருவது, கடைசித் துண்டுக்கும் முடிவுச் செய்திக்கும் இடையே வருவது, முடிந்தபின் வருவது, இரண்டு முறை வருவது, ரத்து செய்த கணமே அதே கோப்பு மறுபடி தொடங்கப்படுவது ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சோதனைகள் வேண்டும். இவற்றில் கடைசியை எழுதியவர்கள் குறைவு. மூன்றாவது படியில் செய்த தவறுகள் அதில்தான் வெளிப்படும்.

இவை தேறியபின், உண்மையான பணியாளரையும் உண்மையான தரவுத்தளத்தையும் வைத்து 100 முறை தொடங்கி ரத்து செய்து பாருங்கள். ரத்து கேட்டதற்கும் ‘நின்றது’ என்ற பதிலுக்கும் இடைப்பட்ட நேரத்தில் மிக நீண்டதை, முதல் படியில் எழுதிவைத்த எண்ணுடன் ஒப்பிடுங்கள்; சராசரி இங்கே ஏமாற்றும். பிறகு உயிரோடிருக்கும் ஆக்டர்கள், திறந்திருக்கும் இணைப்புகள், தரவுத்தளத்தில் ஓடும் வினவல்கள் ஆகிய மூன்றின் எண்ணிக்கையும் தொடங்குமுன் இருந்த அளவுக்குத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். வினவல்களின் எண்ணிக்கை மட்டும் இறங்காமல் நின்றால், ஆறாவது படிக்குத் திரும்பிப் போங்கள்.